புகை போன வழி: பழைய இங்கிலாந்துக் காட்டேஜ் ஒன்றைப் படித்துப் பார்க்க முழுமையான வழிகாட்டி

ஸ்ட்ராட்ஃபோர்டு ஊரின் நடுவிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் நடந்தால் ஷாட்டரி வரும். ஷேக்ஸ்பியரின் மனைவி ஆன் ஹாத்தவேயின் பிறந்த வீடு அங்கேதான் இருக்கிறது. வைக்கோல் கூரை, கோணலான மரச்சட்டங்கள், முன்னால் பூந்தோட்டம். காலண்டரிலும் பிஸ்கட் டப்பாவிலும் வந்து வந்து, இங்கிலாந்துக் காட்டேஜ் என்றாலே இந்த வீடுதான் கண்முன் வருகிறது. வருகிறவர்களில் பெரும்பாலானோர் பூக்களுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அவர்களைக் கையைப் பிடித்து நிறுத்தி "கொஞ்சம் மேலே பாருங்கள்" என்று சொல்ல எனக்குத் தோன்றும். அதைத்தான் இங்கே செய்யப்போகிறேன்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம். அந்த வீடு உண்மையில் காட்டேஜே அல்ல. பன்னிரண்டு அறைகள் கொண்ட பண்ணை வீடு. 1463 வாக்கில் கட்டியபோது அதில் பெரிதாக இரண்டே அறைகள்தான். மற்றதெல்லாம் பிறகு சேர்ந்தவை. காட்டேஜ் என்று இன்று நாம் அழைக்கும் பல வீடுகளின் கதை இதுதான்: அன்றைக்கு ஓரளவு வசதியானவர்கள் கட்டியதால்தான் அவை நிலைத்தன. அந்தக் காலத்துக் கூலித் தொழிலாளி வாழ்ந்த குடிசைகளில் பெரும்பாலானவை மண்ணோடு மண்ணாகிவிட்டன. பைபரி கிராமத்தில் எல்லோரும் படம் எடுக்கும் ஆர்லிங்டன் ரோ வீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். அது 1380 வாக்கில் கம்பளி சேமிக்கக் கட்டிய கிடங்கு. 17ஆம் நூற்றாண்டில்தான் நெசவாளர் வீடுகளாகத் தடுத்தார்கள்.

சரி, இப்படி அடுக்கடுக்காக மாறிய ஒரு வீட்டை எங்கிருந்து படிக்க ஆரம்பிப்பது? என் பதில் எப்போதும் ஒன்றுதான். புகை எங்கே போனது என்று கேளுங்கள். இந்த வீடுகள் முதலில் கட்டப்பட்டபோது அவற்றில் புகைபோக்கி கிடையாது. நடு அறையின் தரையில் நெருப்பு எரிந்தது, புகை மேலே ஏறிக் கூரை வழியாகக் கசிந்து வெளியேறியது. புகை மேலே போக வேண்டும் என்பதால் அந்த அறைக்கு மேல் மாடி போட முடியாது. தரையிலிருந்து கூரை முகடு வரை வெட்டவெளிதான். பிறகு செங்கல்லிலோ கல்லிலோ புகைபோக்கி வந்தது. புகை ஒரு குழாய்க்குள் அடங்கியதும் மேலே சும்மா கிடந்த வெளியில் மரத்தளம் போட முடிந்தது, மாடி வந்ததும் படிக்கட்டு வந்தது, மாடிக்கு வெளிச்சம் வேண்டியிருந்ததால் கூரையைத் தூக்கிச் சிறு ஜன்னல்கள் வைத்தார்கள். வீட்டின் உருவமே இப்படித்தான் மாறியது. எசெக்ஸில் ராட்விண்டர் என்ற ஊரின் பாதிரியார் வில்லியம் ஹாரிசன், தன் ஊர்ப் பெரியவர்கள் தங்கள் வாழ்நாளில் கண்ட பெரிய மாற்றங்களாகச் சொன்ன மூன்றை 1577இல் எழுதி வைத்திருக்கிறார். அந்த மூன்றில் ஒன்று, புதிதாக முளைத்துவிட்ட ஏராளமான புகைபோக்கிகள். வரலாற்றாசிரியர் ஹோஸ்கின்ஸ் 1953இல் இந்த மாற்றத்துக்கு 'மாபெரும் மறுகட்டுமானம்' என்று பெயர் வைத்து, 1570 முதல் 1640 வரை என்று காலம் குறித்தார். வட்டாரத்துக்கு வட்டாரம் காலம் முன்பின்னாக இருக்கும் என்று பின்னால் வந்தவர்கள் திருத்தினாலும், அடிப்படைக் கருத்து இன்றும் நிற்கிறது.

இதை மனதில் வைத்துக்கொண்டு வாருங்கள்.

படி 1: வீட்டுக்கு முன் மண்ணைப் பாருங்கள்

ரயில்பாதையும் கால்வாயும் வருவதற்கு முன், கனமான பொருளைத் தரைவழியாகத் தூரத்திலிருந்து கொண்டுவருவது கட்டுப்படியாகாது. அதனால் காலடியில் கிடைத்ததைக் கொண்டே வீடு கட்டினார்கள். காட்ஸ்வோல்ட்ஸ் மலைப்பகுதியில் தேன்நிறச் சுண்ணாம்புக்கல். டெவனில் வெறும் மண். ஸஃபோக்கிலும் கென்டிலும் ஓக் மரச்சட்டம். நார்ஃபோக்கிலும் சஸெக்ஸின் சுண்ணக் குன்றுகளிலும் உடைந்தால் கண்ணாடிபோல் மின்னும் ஃபிளின்ட் கற்கள். போகிற ஊரின் நிலவியல் வரைபடத்தை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனால், எந்தச் சுவரை எதிர்பார்க்கலாம் என்று முன்னமே தெரிந்துவிடும். எதிர்பாராத பொருள் கண்ணில் பட்டால் இன்னும் நல்லது. யாரோ காசு செலவழித்திருக்கிறார்கள், அல்லது கால்வாய் வந்த பிறகு கட்டியிருக்கிறார்கள்.

படி 2: சாலைக்கு மறுபக்கம் நின்று ஐந்து நிமிடம் சும்மா பாருங்கள்

கிட்டே போகாதீர்கள். தூரத்தில் நின்று இரண்டே விஷயங்களைக் கவனியுங்கள்: புகைபோக்கி எங்கே இருக்கிறது, வாசல் எங்கே இருக்கிறது.

புகைபோக்கி கூரையின் நடுப்பக்கமாக எழுந்து, வாசல் அதற்கு நேர் கீழே இருந்தால், கதவைத் திறந்ததும் முகத்துக்கு எதிரே செங்கல் சுவர்தான் நிற்கும். இடமும் வலமுமாக இரண்டு அறைகளுக்கு வழி பிரியும். ஒரே அடுக்கில் முதுகோடு முதுகாக இரண்டு கணப்புகள், இரண்டு அறைக்கும் சூடு, வாசல் காற்று நேரே உள்ளே பாயாது. 17ஆம் நூற்றாண்டில் தென்கிழக்கிலும் கிழக்கிலும் மிகவும் விரும்பப்பட்ட அமைப்பு இது. புகைபோக்கியோடு சேர்த்தே திட்டமிட்டுக் கட்டிய வீடு என்று பெரும்பாலும் நம்பலாம்.

புகைபோக்கி ஒரு பக்கம், வாசல் வேறு பக்கம், அந்த வாசலுக்கு நேர் எதிரே பின்சுவரிலும் ஒரு வாசல் அல்லது அடைத்த வாசலின் தடம் என்று இருந்தால் கொஞ்சம் பரபரப்படையலாம். வீட்டைக் குறுக்காக வெட்டிப் போகும் நடைபாதை அது. ஒரு பக்கம் கூடம், மறுபக்கம் உணவும் பானமும் வைக்கும் சிறு அறைகள். இது புகைபோக்கிக்கு முந்தைய கால அமைப்பு. புகைபோக்கியைப் பிற்பாடு எங்கோ ஓர் இடம் பார்த்துச் செருகியிருப்பார்கள்.

புகைபோக்கி வீட்டின் ஓரச் சுவருக்கு வெளியே தனியாக ஒட்டிக்கொண்டிருந்தால், ஏற்கெனவே இருந்த வீட்டோடு பிறகு சேர்த்ததா என்று சந்தேகப்படுங்கள். சந்தேகம் மட்டும்தான். உள்ளே போகாமல் தீர்ப்புச் சொல்ல முடியாது.

படி 3: சுவர்

இங்கே நிதானமாக நிற்க வேண்டும், ஏனென்றால் ஒரு காட்டேஜின் உயிரே சுவரில்தான் இருக்கிறது, அதைக் கொல்வதும் சுவரில் செய்யும் தவறுதான்.

மரச்சட்ட வீட்டில் பாரத்தைத் தாங்குவது சுவர் அல்ல, ஓக் சட்டம். அந்த ஓக் மரத்தைக் காயவைக்காமல் பச்சையாகவே வேலை செய்தார்கள், காய்ந்த ஓக் உளிக்கு மசியாது. வெட்டி ஓரிரு ஆண்டுகளுக்குள் சட்டமாகிவிடும். பிறகு நின்ற இடத்திலேயே காய்ந்து, சுருங்கி, முறுக்கிக்கொண்டது. நீங்கள் ரசிக்கும் கோணல்கள் பெரும்பாலும் அப்படி வந்தவைதான், கட்டியவர்கள் நேராகத்தான் கட்டினார்கள். ஆணியும் அடிக்கவில்லை. ஒரு மரத்தின் நுனியைக் குடுமியாகச் செதுக்கி, மற்றொன்றில் வெட்டிய துளையில் செருகி, குறுக்கே ஓக் முளை அடித்து இறுக்கினார்கள். சட்டம் முழுவதையும் தச்சர் தன் பட்டறையில் தரையில் படுக்கவைத்துப் பொருத்திப் பார்ப்பார். பிறகு பிரித்து, வண்டியில் ஏற்றிவந்து மனையில் நிறுத்துவார். எது எதோடு சேர வேண்டும் என்பது மறக்காமல் இருக்க ஒவ்வொரு இணைப்பிலும் கீறல் எண்கள் போட்டிருப்பார். ரோமன் எண்போல இருக்கும், ஆனால் நான்கு என்றால் நான்கு கோடு, ஒன்பது என்றால் ஐந்தின் குறியும் நான்கு கோடும். பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்த்தால் 500 ஆண்டுக்கு முந்தைய தச்சரின் கைக்கணக்கு பளிச்சென்று தெரியும். எனக்கு இதைவிடப் பெரிய சந்தோஷம் ஒரு பழைய வீட்டில் வேறில்லை.

சட்டம் இரண்டு வகை. வளைந்து வளர்ந்த ஒரு மரத்தை நெடுக்காகப் பிளந்து, கிடைத்த இரண்டு பாதிகளையும் கூப்பிய கைபோல எதிரெதிரே நிறுத்தி, தரைக்கு அருகிலிருந்து கூரை முகடு வரை ஒரே வீச்சில் கொண்டுபோவது ஒரு வகை. இதற்குக் கிரக் என்று பெயர். ஷாட்டரி வீட்டின் மிகப் பழைய பகுதி இப்படிப்பட்டதுதான். மற்றது, தூண்களும் உத்தரங்களும் சேர்ந்து ஒரு பெட்டிபோல நிற்க, அதன்மேல் கூரை தனியாக உட்காரும் வகை. கிரக் வகை இங்கிலாந்தின் மேற்கிலும் வடக்கிலும் நடுப்பகுதியிலும் நிறைய இருக்கிறது. கிழக்கு ஆங்கிலியாவிலும் தென்கிழக்கு மூலையிலும் கிட்டத்தட்ட இல்லை. ஏன் இந்தக் கோடு இப்படி விழுந்தது என்று ஆய்வாளர்கள் இன்னமும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு சட்டங்களுக்கு நடுவில் உள்ள இடத்தை ஓர் அங்கணம் என்று வைத்துக்கொண்டால், இந்த வீடுகளை அங்கணக் கணக்கில்தான் எண்ண வேண்டும்.

சட்டங்களுக்கு இடையிலான கட்டங்களை எப்படி அடைத்தார்கள்? பிளந்த ஓக் குச்சிகளைச் செங்குத்தாகச் செருகி, ஹேசல் என்ற புதர்மரத்தின் கொம்புகளைக் குறுக்கே பின்னி வரிச்சாக்கி, களிமண்ணும் சாணமும் நறுக்கிய வைக்கோலும் குழைத்து இரு பக்கமும் அப்பி, மேலே சுண்ணாம்பு பூசினார்கள். பின்னாளில் சில வீடுகளில் இதை எடுத்துவிட்டுச் செங்கல் வைத்தார்கள். அது வலுவான மாற்றம்போலத் தோன்றும், ஆனால் சட்டத்துக்குத் தேவையில்லாத பாரம்.

இங்கே இரண்டு கட்டுக்கதைகளை ஒதுக்கிவிடலாம். "இந்த உத்தரங்களெல்லாம் பழைய கப்பல் மரம்" என்று கிராமத்துக்குக் கிராமம் சொல்வார்கள், கடலே எட்டாத ஊரில்கூட. காரணமில்லாமல் வெறும் துளைகள் மரத்தில் இருப்பதுதான் இந்தக் கதைக்கு மூலம். பெரும்பாலும் அது வேறொரு வீட்டிலிருந்து பிரித்து எடுத்து மறுபடி பயன்படுத்திய மரம், அல்லது அதே வீட்டில் முன்பு இருந்து இப்போது இல்லாத ஒரு சுவரின், ஜன்னலின் தடம். இரண்டாவது, கறுப்பு மரமும் வெள்ளைச் சுவரும். மரத்துக்குத் தார் பூசிக் கறுப்பாக்குவது பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டு ரசனை. அதற்கு முன் பல வட்டாரங்களில் ஓக் சும்மா விடப்பட்டு வெள்ளிச் சாம்பல் நிறமாக வெளுத்தது, அல்லது மரத்தையும் சுவரையும் சேர்த்தே சுண்ணாம்பு அடித்தார்கள்.

டெவன் பக்கம் போனால் சட்டமே இல்லாத மண்சுவர். காப் என்பார்கள். அடிமண்ணில் தண்ணீரும் வைக்கோலும் சேர்த்து மிதித்து, கவைக்கோலால் அள்ளிச் சுவர்மேல் குவித்து, ஓரத்தைச் செதுக்கிவிட்டு, அந்த அடுக்கு காயும்வரை காத்திருந்து அடுத்த அடுக்கு போடுவார்கள். ஓர் அடுக்கு ஏறக்குறைய முழங்கால் உயரத்துக்கு மேல் போகாது, சுவரின் கனமோ 60 சென்டிமீட்டருக்குக் குறையாது. பிறகு மூலைகள் மழுங்கி, சுவர் மெல்ல அலைபாய்ந்து, வீடே பிசைந்து வைத்ததுபோல இருக்கும். நல்ல தொப்பியும் நல்ல செருப்பும் இருந்தால் காப் சுவருக்கு வேறெதுவும் வேண்டாம் என்பது டெவன்காரர்களின் பேச்சு. தொப்பி என்றால் அகலமாக நீண்ட கூரை. செருப்பு என்றால் அடியில் கல் அடித்தளம். மேலிருந்தும் கீழிருந்தும் தண்ணீர் வராவிட்டால் மண் நூற்றாண்டுகளுக்கு நிற்கும். டோர்செட்டில் எழுத்தாளர் தாமஸ் ஹார்டி 1840இல் பிறந்த வீடும் 1800இல் இப்படி மண்ணும் வைக்கோலும் கொண்டு கட்டியதுதான்.

இப்போது நான் மனதார வருந்தும் விஷயம். மரச்சட்டமோ மண்ணோ கல்லோ, இந்தச் சுவர்கள் எல்லாம் ஈரத்தை வாங்கி, காற்றில் விட்டு, வாங்கி, விட்டு வாழ்பவை. சுண்ணாம்புப் பூச்சு அதற்கு வழிவிடும். சிமென்ட் விடாது. போர்ட்லாண்டு சிமென்டுக்கு ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை வாங்கியது 1824இல். 20ஆம் நூற்றாண்டில் அது மலிந்த பிறகு, நல்லது செய்கிறோம் என்று நினைத்தே ஆயிரக்கணக்கான பழைய சுவர்களில் பூசிவிட்டார்கள். சிமென்டில் மயிரிழை விரிசல் விழும், மழை உள்ளே போகும், வெளியே வர வழியில்லை. ஓக் உத்தரத்தின் அடி உளுத்துப்போகும், மண்சுவர் உள்ளுக்குள்ளேயே சேறாகி ஒருநாள் அப்படியே சரியும். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் சிமென்ட் பூச்சைத் தட்டி எடுத்தபோது, பின்னால் இருந்த அடித்தள ஓக் மரம் கையோடு தேயிலைத்தூள்போல உதிர்ந்தது. 400 ஆண்டு நின்ற மரம், 40 ஆண்டுச் சிமென்டில் போய்விட்டது. ஆகவே சுவரைத் தட்டிப் பாருங்கள். சாம்பல் நிறத்தில், கூர்மையான ஓரங்களோடு, தட்டினால் சில இடங்களில் வெற்றொலி கேட்டால் அந்த வீட்டுக்காக வருத்தப்படுங்கள். வாங்கப்போகிறவராக இருந்தால் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடுங்கள்.

கல்வீட்டில் பார்க்க வேண்டியது ஜன்னலுக்கு மேலே புருவம்போல நீட்டிக்கொண்டிருக்கும் கல் பட்டை. சுவரில் வழியும் மழைநீரை ஜன்னல்மேல் விழாமல் ஒதுக்கிவிட அது. செங்கல் வீட்டில் செங்கல்லின் உயரத்தை அளந்து பாருங்கள்: பழையவை மெலிந்திருக்கும். 1784இல் அரசு செங்கல் எண்ணிக்கைக்கு வரி போட்டதும் பெரிய செங்கல் சுட ஆரம்பித்தார்கள், 1850இல்தான் அந்த வரி போனது.

படி 4: கூரை

வைக்கோல் கூரை ஏறக்குறைய 50 பாகைச் சரிவில் இருக்க வேண்டும், படுத்துவிட்டால் தண்ணீர் தங்கி அழுகும். அதனால் இன்று ஓடு இருந்தாலும், சரிவு மிகச் செங்குத்தாக இருந்தால் ஒருகாலத்தில் வைக்கோல் இருந்திருக்கலாம் என்று ஊகிக்கலாம்.

வேய்வதில் மூன்று வகை. நீள்வைக்கோல், சீவிய கோதுமைத்தாள், நாணல். இறவாண ஓரத்தில் ஹேசல் குச்சிகள் வரிவரியாக வெளியே தெரிந்து, மேற்பரப்பு கொஞ்சம் கலைந்த தலைமுடிபோல இருந்தால் நீள்வைக்கோல். ஓரம் கத்தியால் வெட்டியதுபோல நறுக்கென்று இருந்தால் மற்ற இரண்டில் ஒன்று. நாணலை முகட்டில் மடக்க முடியாது, ஒடிந்துவிடும். அதனால் நாணல் கூரையிலும் முகட்டுக்கு மட்டும் வைக்கோலோ கோரையோ வைப்பார்கள். அந்த முகட்டைப் பத்துப் பதினைந்து ஆண்டுக்கொருமுறை மாற்ற வேண்டியிருக்கும். வேய்ந்ததைக் கூரையோடு குத்திப் பிடிக்க, முறுக்கி வளைத்த ஹேசல் குச்சிதான் ஊசி.

வைக்கோலுக்கும் ஒரு சிக்கல் இருக்கிறது. இன்றைய கோதுமை குட்டைத்தாள் ரகம், அறுவடை இயந்திரமும் தாளை நொறுக்கிவிடுகிறது. அதனால் கூரைக்கென்றே மாரிஸ் விட்ஜன் போன்ற நெட்டை ரகங்களைப் பயிரிட்டு, பழைய முறையில் கட்டுக் கட்டி அறுக்கும் விவசாயிகள் இன்றும் இருக்கிறார்கள். ஒரு கூரை நிற்க ஒரு வயல் வேண்டியிருக்கிறது!

காட்ஸ்வோல்ட்ஸில் கூரையும் கல்தான். கல்பலகைகள் கீழே பெரிதாகத் தொடங்கி முகட்டை நோக்கிச் சிறுத்துக்கொண்டே போகும். ஆக்ஸ்ஃபோர்டு பக்கம் ஸ்டோன்ஸ்ஃபீல்டில் தோண்டிய கல்லைக் குளிர்காலத்தில் ஈரத்தோடு வெளியே போட்டுவைப்பார்கள், உறைபனி அதைப் பலகை பலகையாகப் பிளந்துவிடும்.

படி 5: ஜன்னல்

ஜன்னலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்தது, அதன் பொருள் 'காற்றுக் கண்'. நம் பழந்தமிழில் ஜன்னலுக்குக் காலதர் என்று ஒரு பெயர். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. இரண்டு இடத்திலும் முதலில் அது கண்ணாடி இல்லாத திறப்புதான். கண்ணாடி சாதாரண வீட்டுக்கு எட்டாத விலையில் இருந்த காலத்தில், ஓக் கம்பிகளைச் சாய்சதுரமாக வரிசையாக நிறுத்தி, குளிருக்கு உள்ளேயிருந்து பலகை போட்டு மூடினார்கள். இதை நீங்களே கண்டுபிடிக்கலாம். ஜன்னலுக்கு மேலுள்ள உத்தரத்தின் அடிப்பக்கத்தைக் கையால் தடவுங்கள். சாய்சதுரக் குழிகள் வரிசையாகத் தட்டுப்பட்டால், அங்கே கண்ணாடிக்கு முந்தைய ஜன்னல் ஒன்று இருந்தது.

அடைத்த ஜன்னலைப் பார்த்ததும் "ஜன்னல் வரி" என்று சொல்லிவிடாதீர்கள். அந்த வரி 1696 முதல் 1851 வரை இருந்தது உண்மை. ஆனால் தொடக்கத்தில் பத்துக்குக் குறைவான ஜன்னல் உள்ள வீட்டுக்கு எத்தனை ஜன்னல் என்றாலும் ஒரே இரண்டு ஷில்லிங்தான். நான்கு ஜன்னல் காட்டேஜில் ஒன்றை அடைப்பதால் என்ன மிச்சம்? அறை மாறியது, படிக்கட்டு வந்தது, குளிர் அடித்தது. பெரும்பாலும் காரணம் அவ்வளவுதான்.

படி 6: உள்ளே, கணப்புக்கு முன்னால்

தலையைக் குனிந்து போங்கள். அந்தக் கால ஆட்கள் குள்ளம் என்பதல்ல முக்கியக் காரணம். மாடியில்லாத வீட்டுக்குள் பிற்பாடு ஒரு தளத்தைச் செருகினால் கீழே உயரம் குறையத்தானே செய்யும்.

நேராகக் கணப்புக்குப் போங்கள். ஆள் நுழைந்து உட்காரும் அளவு பெரியதாக இருக்கும். அதன் வாய்க்கு மேல் குறுக்கே கிடக்கும் பெரிய ஓக் உத்தரத்தைப் பாருங்கள். கண்ணீர்த் துளி வடிவில் கருகிய தடங்கள் இருக்கிறதா? மெழுகுவத்தி தவறிப் பட்டது என்றுதான் நெடுங்காலம் நினைத்தார்கள். ஆனால் சோதித்துப் பார்த்ததில், சுடரைச் சாய்த்து ஒரே இடத்தில் வெகுநேரம் பிடித்தால்தான் அந்த வடிவம் வரும் என்று தெரிந்தது. வேண்டுமென்றே வைத்த சூடு. வீட்டை நெருப்பிலிருந்தும் தீய சக்தியிலிருந்தும் காக்க என்பதுதான் பலரின் விளக்கம். பக்கத்திலேயே கவராயத்தால் கீறிய ஆறிதழ்ப் பூவும் இருக்கலாம். புகைபோக்கிக்குள் பழைய செருப்பு ஒன்றை ஒளித்துவைப்பதும் வழக்கம். இப்படிக் கிடைத்தவற்றுக்கு நார்தாம்ப்டன் அருங்காட்சியகம் ஒரு பதிவேடே வைத்திருக்கிறது. உங்கள் வீட்டில் கிடைத்தால் எடுத்து எறிந்துவிடாதீர்கள். பதிவு செய்யுங்கள், முடிந்தால் இருந்த இடத்திலேயே திரும்ப வையுங்கள்.

கணப்பின் பக்கச் சுவரில் குகைபோல ஒரு துளை இருந்தால் அது ரொட்டி அடுப்பு. சுள்ளியை அதற்குள்ளேயே எரித்து, செங்கல் சூடேறியதும் சாம்பலை வாரிவிட்டு, மாவை வைத்து வாயை மூடுவார்கள். இன்னொரு சிறு மாடம் உப்பு ஈரமாகாமல் இருக்க.

தரையையும் ஒரு பார்வை பாருங்கள். சஸெக்ஸில் ஆல்ஃப்ரிஸ்டன் ஊரில் பாதிரியார் வீடு ஒன்று இருக்கிறது. பழைய இடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு 1896இல் வாங்கிய முதல் கட்டடம், விலை 10 பவுண்டு. அங்கே சுண்ணக்கல்லை இடித்துப் பரப்பிப் புளித்த பால் ஊற்றி இறுக்கிய தரை. மாடி செருகப்படாத கூடம் எப்படி இருக்கும் என்று அண்ணாந்து பார்க்கவும் அது நல்ல இடம். கூடவே சிங்கிள்டனில் உள்ள வீல்ட் அண்ட் டவுன்லாண்ட் அருங்காட்சியகத்துக்கும் போய்வாருங்கள். கென்டில் நீர்த்தேக்கம் கட்டியபோது பிரித்து எடுத்துவந்து நிறுத்திய பேலீஃப் என்ற பண்ணை வீடு அங்கே இருக்கிறது. தரை நடுவில் நெருப்பு மூட்டியிருக்கும் நாளில் போனால், புகை மேலே திரண்டு நிற்பதையும், உட்கார்ந்திருப்பவர் முகத்தளவில் காற்று தெளிவாக இருப்பதையும் பார்க்கலாம்.

படி 7: தலைக்கு மேலே உள்ள தளம்

செருகிய மாடித்தளத்தின் வயதைச் சொல்ல இரண்டு அடையாளம். ஒன்று, குறுக்குச் சட்டங்கள் எப்படிக் கிடக்கின்றன என்பது. உயரத்தைவிட அகலம் அதிகமாகப் படுத்துக்கிடந்தால் பழையது. ஓரத்தில் நிற்கவைத்ததுபோல் இருந்தால் பிந்தையது. மற்றொன்று, பெரிய உத்தரத்தின் கூர் விளிம்பைச் சீவியிருப்பார்கள், அந்தச் சீவல் உத்தரத்தின் கோடியில் எப்படி முடிகிறது என்று பாருங்கள். நாக்குபோல வளைந்து முடிந்தால் 17ஆம் நூற்றாண்டாக இருக்க வாய்ப்பு அதிகம். அப்புறம் ரம்பத் தடம்: வளைந்த கோடுகள் இருந்தால் வட்ட ரம்பம், அந்த மரம் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டிலோ அதற்குப் பிறகோ வந்தது.

இந்தத் தடங்களைப் பார்க்கப் பழகினால், பார்வைக்குப் பழசாகக் கட்டியவற்றையும் கண்டுகொள்வீர்கள். பிரிஸ்டல் அருகே பிளேஸ் ஹேம்லெட் என்ற குடியிருப்பை 1811 வாக்கில் ஜான் நாஷ் வடிவமைத்தார், ஓய்வுபெற்ற வேலையாட்களுக்காக ஒன்பது வீடுகள். வைக்கோலும் உயரமான புகைபோக்கியுமாகக் கொள்ளை அழகு. ஆனால் அங்கே புகைபோக்கி முதல் நாளே ஓவியத்தில் இருந்தது. ஷாட்டரியில் அது வந்து சேர நூறு ஆண்டுக்கும் மேல் பிடித்தது.

வீட்டைப் பார்த்து முடித்த பிறகு, முன்னால் அல்ல, இங்கிலாந்தின் தேசியப் பாரம்பரியப் பட்டியலில் அதன் பதிவைத் தேடிப் படியுங்கள். 1700க்கு முன் கட்டி ஓரளவு பழைய நிலையிலேயே இருக்கும் கட்டடங்கள் எல்லாம் அதில் சேர்க்கத் தகுந்தவை. பட்டியலில் உள்ள வீட்டின் தன்மையை அனுமதியில்லாமல் மாற்றுவது குற்றம், உள்ளே இருக்கும் உத்தரத்துக்கும் அது பொருந்தும்.

படி 8: பரணுக்கு ஏறுங்கள்

வீட்டுக்காரர் சம்மதித்தால் மட்டும். டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள், சட்டங்களின்மேல் மட்டும் கால் வையுங்கள், நடுவில் வைத்தால் கீழ்த்தளத்துக்குப் போய்விடுவீர்கள்.

கைமரங்களைப் பாருங்கள். பழுப்பாக இருந்தால் அது வயது. கன்னங்கரேலென்று, சில இடங்களில் பொருக்குத் தட்டியிருந்தால் அது புகைக்கரி. கீழே தரையில் நெருப்பு எரிந்த காலத்தில் படிந்தது. இனி அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கவனியுங்கள். இரண்டு அங்கணமும் கறுத்திருந்தால் கூடம் அவ்வளவு நீளம். ஒரு சட்டத்தின் ஒரு முகம் மட்டும் கறுப்பு, மறுமுகம் சுத்தம் என்றால் அங்கே கூரைவரை தடுப்புச் சுவர் இருந்தது, அதற்கு அப்பால் புகை போகவில்லை, அது தனியறை. ஒரே ஒரு குறுகிய இடம் மட்டும் கறுத்திருந்தால், புகைபோக்கிக்கு முந்தைய இடைக்கால ஏற்பாடு: புகைக்கென்று ஓர் அங்கணத்தை ஒதுக்கி மற்ற இடத்தில் மாடி போட்டிருக்கிறார்கள். கரி படியாத கைமரம் நடுவில் ஒன்றிரண்டு இருந்தால் பிற்பாடு மாற்றியவை. கீழே சாலையில் நின்று நீங்கள் ஊகித்ததெல்லாம் சரியா தவறா என்று இங்கே தெரிந்துவிடும்.

ஆண்டைத் துல்லியமாகச் சொல்ல வேண்டுமானால் மரவளையம் பார்ப்பவரைக் கூப்பிட வேண்டும். பட்டைக்கு அடுத்த கடைசி வளையம் வரை மரத்தில் மிஞ்சியிருந்தால், அது வெட்டப்பட்ட ஆண்டையே சொல்வார். பச்சையாகப் பயன்படுத்திய மரம் என்பதால் வீட்டின் ஆண்டும் அதை ஒட்டித்தான் இருக்கும்.

இறங்குவதற்கு முன் கைமரங்களுக்கு மேலே, கூரையின் அடிப்பக்கத்துக்கு வெளிச்சம் அடியுங்கள். வேய்பவர்கள் பழைய கூரையை முழுக்க உரிப்பதில்லை, நைந்த மேற்பரப்பை மட்டும் எடுத்துவிட்டு அதன்மேல் புதிது வேய்வார்கள். அதனால் முதன்முதலில் வைத்த அடி அடுக்கு சில வீடுகளில், குறிப்பாக டெவனில், அப்படியே இருக்கிறது. அந்த வைக்கோலும் கறுத்திருந்தால் தொடாதீர்கள். புகை பூச்சியையும் பூஞ்சையையும் அண்டவிடாமல் காத்த தாள்கள் அவை; கோதுமைக் கதிரும் ரை தானியத்தின் தாளும் அன்றைய வயலின் களையும் விதையோடு அதில் சிக்கியிருக்கும், தாவர ஆய்வாளர்கள் அதைப் பிரித்துப் பார்த்து அந்த ஊரில் அப்போது என்ன விளைந்தது என்று சொல்கிறார்கள்.